பாம்பன் பாலம்: எவர்சில்வர் கம்பி போட்டால் மட்டும் போதுமா?

ராமேஸ்வரம் ரயில் மண்டபத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் ஏறும்போது, பெட்டியில் இருக்கிற எல்லாருடைய செல்போனும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். ஒருபக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. கீழே இருக்கிற இரும்பை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால், 2022 டிசம்பர் 23 முதல் 2025 ஏப்ரல் 6 வரை, சுமார் இரண்டேகால் ஆண்டுகள் ராமேஸ்வரம் தீவுக்குள் ஒரு பயணிகள் ரயில்கூடப் போகாமல் இருந்ததற்குக் காரணம் அந்த இரும்புதான். பக்தர்களும் தீவு மக்களும் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தார்கள்.

இப்போது புதிய பாலம் வந்துவிட்டது. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டிருக்கிறார்கள், இனி துருப் பிரச்சினை இல்லை’ என்று பரவலாகப் பேசப்படுகிறது. அது உண்மையா? துருப்பிடிக்காத இரும்பு என்று ஒன்று இருக்கிறதா? கடலோரப் பாலத்துக்கு எந்த இரும்பு சரி என்று பொறியாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? பார்ப்போம்.

பழைய பாலத்துக்கு என்ன ஆனது?

பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட, நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும் பகுதிக்கு ‘ஷெர்சர்’ என்று பெயர். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சரின் வடிவமைப்பு அது. ஊழியர்கள் கையால் நெம்பித்தான் அதைத் திறந்தார்கள்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது, இந்தப் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் கடலுக்குள் போயின. பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தை மறுபடி நிமிர்த்தினார்கள். 2007-ல் அகலப்பாதைக்கு மாற்றினார்கள். 2018 டிசம்பரில் ஷெர்சர் பகுதியில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ரயில் போக்குவரத்து நின்றது. கடைசியில் 2022 டிசம்பரில், அரிப்பு மோசமாகிவிட்டது என்பதால் ரயில்களை நிரந்தரமாக நிறுத்தினார்கள்.

புயல் உடைத்ததை 46 நாட்களில் சரிசெய்ய முடிந்தது. துரு தின்றதைச் சரிசெய்ய முடியவில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அந்தப் பாலத்தில் இருந்தது எந்தச் சிறப்பும் இல்லாத, அந்தக் காலத்து சாதாரண ஸ்டீல்தான். அதை வைத்துக்கொண்டே 108 ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். விடாமல் சுரண்டி, பெயின்ட் அடித்து, அரித்துப்போன பாகங்களை மாற்றிக்கொண்டே இருந்ததால் கிடைத்த ஆயுள் அது. இந்தக் கணக்கு கட்டுரையின் கடைசியில் திரும்பவும் வரும்.

பாம்பனில் துரு ஏன் இவ்வளவு வேகம்?

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருட்கள் போதும்: தண்ணீர், ஆக்சிஜன். உப்பு மூன்றாவதாக வந்து சேரும்போது வேகம் பல மடங்கு கூடுகிறது. உப்பில் இருக்கும் குளோரைடு, இரும்பின் மேல் உருவாகும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துவிடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை இல்லாத நாளிலும் இரும்பு நனைந்தபடியே இருக்கும். பாம்பனில் இரண்டு பக்கமும் கடல், ஆண்டு முழுக்க வெப்பம், ஓயாத காற்று. அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்து உலகிலேயே அரிப்பு அதிகமுள்ள இடம் இதுதான் என்று அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. அந்தத் தரவரிசையை விட்டுவிட்டாலும், இடம் மோசமானது என்பதில் சந்தேகமில்லை. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், தன் கடல் அரிப்புச் சோதனை நிலையத்தைப் பக்கத்திலிருக்கும் மண்டபத்தில்தான் வைத்திருக்கிறது.

ஒரே பாலத்திலும் எல்லா இடமும் ஒரே மாதிரி அரிக்காது. எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதியைவிட, அலை அடித்து நனைந்து காய்ந்து மறுபடி நனையும் பகுதி வேகமாக அரிக்கும். அங்கே உப்பும் இருக்கிறது, ஆக்சிஜனும் தாராளமாகக் கிடைக்கிறது. அதேபோல், மழை படும் மேல்பகுதியைவிட மழை படாத அடிப்பகுதிக்கு ஆபத்து அதிகம். மேலே படிந்த உப்பை மழை கழுவிவிடும். கர்டருக்கு அடியில் படிந்த உப்பைக் கழுவ யாரும் இல்லை.

இந்த வித்தியாசங்களுக்கெல்லாம் சர்வதேச அளவுகோல் உண்டு. ஐஎஸ்ஓ 12944 என்ற தரநிலை, காற்றுச் சூழலை சி1 முதல் சி5 வரை பிரிக்கிறது. ஏசி போட்ட அலுவலகத்தின் உட்புறம் சி1. உப்புக்காற்று பலமாக அடிக்கும் கடலோரம் சி5. அதற்கும் மேலே, நடுக்கடல் மேடை போன்ற இடங்களுக்கு ‘சிஎக்ஸ்’ என்று தனி வகுப்பு. ஒரு பொறியாளர் ஸ்டீலைத் தேர்வு செய்யும்போது கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘இது எந்த வகுப்பில் வாழப்போகிறது?’ என்பதுதான்.

வலுவான இரும்பு போட்டால் போதாதா?

இதுதான் பலருக்கும் தோன்றும் கேள்வி. பதிலுக்கு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பாலத்துக்குப் போக வேண்டும்.

அந்தப் பாலத்தின் கிழக்குப் பகுதியைப் புதிதாகக் கட்டி, 2013 செப்டம்பரில் திறக்கத் திட்டமிட்டிருந்தார்கள். நிலநடுக்கத்தின்போது பாலத்தைத் தூணோடு பிடித்துவைக்க, மூன்று அங்குலம் தடிமனான 96 நீண்ட நங்கூரக் கம்பிகள் ஒரு தூணில் இருந்தன. சாதாரண கட்டுமான ஸ்டீலைவிட இரண்டு மடங்குக்கும் அதிக வலிமை கொண்டவை. துருப்பிடிக்காமலிருக்க, மேலே துத்தநாக முலாம் வேறு. 2013 மார்ச்சில் அவற்றை இழுத்து முறுக்கினார்கள். இரண்டு வாரங்களுக்குள் 32 கம்பிகள் உடைந்தன. அப்போது பாலத்தில் ஒரு கார்கூட ஓட ஆரம்பிக்கவில்லை.

காரணம், ஹைட்ரஜன். உலகிலேயே மிக லேசான அணு. துத்தநாகமும் தண்ணீரும் வினைபுரியும்போது உண்டாகும் ஹைட்ரஜன், ஸ்டீலுக்குள் புகுந்துவிடும். மென்மையான ஸ்டீல் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மிகக் கடினமான ஸ்டீலில், ஏற்கெனவே இழுவிசையும் இருந்தால், உள்ளே இருக்கும் படிகத் துகள்களின் ஓரங்களை அது பலவீனமாக்கி, கண்ணாடி மாதிரி பட்டென்று உடைத்துவிடும். அந்தக் கம்பிகள் 2008-லேயே தூணில் செருகப்பட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் தேங்கிய குழிகளில் நின்றிருந்தன.

மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தால்தான் இந்த விபத்து நடக்கும்: அதிகக் கடினம், அதிக இழுவிசை, ஹைட்ரஜன். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும். உடைந்த கம்பிகளுக்குப் பதிலாக வெளியே ஒரு ஸ்டீல் சேணம் அமைத்து, பாரத்தை அதற்கு மாற்றினார்கள். அதே ரகத்தில் பாலத்தின் மற்ற இடங்களில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட கம்பிகளைத் தனியாகச் சோதிக்க வேண்டியிருந்தது.

இந்தப் பாலம் சொல்லும் பாடம் சுருக்கமானது. அதிக வலிமை என்பது இலவசம் இல்லை. ஸ்டீலின் வலிமையைக் கூட்டக் கூட, அது சில ஆபத்துகளுக்கு எளிதில் பலியாகும். வலிமை எவ்வளவு என்று மட்டும் பார்த்து இரும்பு வாங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள நேரிடும்.

டெல்லி இரும்புத்தூண் மாதிரி செய்யலாமே?

சமூக வலைதளங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். குதுப்மினார் வளாகத்தில் இருக்கும் இரும்புத்தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கிறது. ‘நம் முன்னோர் செய்ததை இப்போது செய்ய முடியாதா?’

அந்தத் தூணில் பாஸ்பரஸ் அதிகம். அது இரும்பின் மேல் இறுக்கமான ஒரு படலம் உருவாக உதவியிருக்கிறது. கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆனால், இரண்டு சிக்கல்கள். முதலாவது, பாஸ்பரஸ் கூடினால் ஸ்டீல் நொறுங்கும் தன்மை பெறும். சும்மா நிற்கும் தூணுக்கு அது பரவாயில்லை. தினமும் ரயில் ஓடி அதிரும் கர்டருக்கு ஆபத்து. இரண்டாவது, டெல்லியில் கடல் இல்லை. வறண்ட காற்றில் நின்ற அந்தப் படலம் பாம்பன் உப்பில் நிற்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

இதே யோசனையின் நவீன வடிவம்தான் ‘வெதரிங் ஸ்டீல்’. கொஞ்சம் செம்பு, குரோமியம் சேர்த்த இந்த ஸ்டீலில் முதலில் துரு வரும். பிறகு அந்தத் துருவே கெட்டியான பழுப்புப் படலமாகி உள்ளே இருப்பதைக் காக்கும். பெயின்ட் செலவு மிச்சம். ஹவாயில் 1975-ல் திறந்த அலோஹா ஸ்டேடியத்தை இந்த ஸ்டீலில்தான் கட்டினார்கள். ஆனால், கடல்காற்றில் அந்தப் படலம் கெட்டிப்படவே இல்லை. துரு நிற்காமல் உரிந்துகொண்டே போனது. பல ஆண்டுகள் பழுதுபார்ப்புக்குப் பணம் கொட்டிய பிறகு, 2020 டிசம்பரில் புதிய நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன.

இந்த ஸ்டீலில் தவறு எதுவும் இல்லை. கடலிலிருந்து தள்ளியிருக்கும் எத்தனையோ பாலங்களில் இதே ஸ்டீல் நன்றாக நிற்கிறது. இடம்தான் தவறு.

எவர்சில்வருக்கு வருவோம்

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஊறுகாயையும் கல் உப்பையும் பீங்கான் ஜாடியில் வைப்பார்கள். எவர்சில்வர் டப்பாவில் போட்டால் நாளடைவில் உள்ளே ஊசி குத்தியது போலப் புள்ளிகள் விழும் என்று பாட்டிகளுக்குத் தெரியும். கடலோரப் பாலங்களின் சிக்கலும் அதே புள்ளிதான்.

ஸ்டீலில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் அது ஸ்டெயின்லெஸ். குரோமியம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உருவாக்கும். கீறல் விழுந்தாலும் படலம் தானாக மூடிக்கொள்ளும். குளோரைடு மட்டும் சில இடங்களில் அதை மூடவிடாமல் தடுக்கும். அங்கே சின்னப் புள்ளியாகத் தொடங்கி, ஆழமாகத் துளை இறங்கும்.

அதனால்தான் இதில் பல ரகங்கள். நல்ல பாத்திரங்களில் இருக்கும் 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். புள்ளி அரிப்பைத் தடுப்பதில் மாலிப்டினத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ‘டூப்ளெக்ஸ் 2205’ ரகத்தில் 22 சதவீதம் குரோமியமும் 3 சதவீதம் மாலிப்டினமும் இருக்கும். இவற்றை ஒப்பிடப் பொறியாளர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. குரோமியம் சதவீதத்தோடு மாலிப்டினத்தை 3.3-ஆல் பெருக்கியும் நைட்ரஜனை 16-ஆல் பெருக்கியும் கூட்ட வேண்டும். 304-க்கு ஏறத்தாழ 19, 316-க்கு 24, 2205-க்கு 35 வரும். எண் பெரிதானால் உப்பை எதிர்க்கும் திறன் கூடுதல். விலையும்தான்.

சரியான இடத்தில் போட்டால் எவர்சில்வர் என்ன செய்யும் என்பதற்கு மெக்சிகோவில் ஓர் உதாரணம் இருக்கிறது. யுகடான் கடற்கரையில் புரோகிரேசோ என்ற ஊரில், 1937 முதல் 1941 வரை கடலுக்குள் சுமார் 2.1 கிலோமீட்டர் நீளத்துக்கு கான்கிரீட் பாலம் கட்டினார்கள். கிட்டத்தட்ட நம் பாம்பன் நீளம். கான்கிரீட்டுக்குள் 304 ரக எவர்சில்வர் கம்பி. அது பெரிய பழுதில்லாமல் பல பத்தாண்டுகள் தாங்கியது. அதற்குப் பக்கத்திலேயே 1960களில் சாதாரண கம்பி போட்டுக் கட்டிய இன்னொரு பாலம் இடிந்து, மிச்சத்தூண்கள் மட்டுமே நின்றன.

இரண்டுக்கும் வித்தியாசம் உள்ளே இருந்த கம்பி. இரும்பு துருவாகும்போது 2 முதல் 6 மடங்கு வரை பருமன் கூடும். உப்பு மெதுவாக கான்கிரீட்டுக்குள் ஊறி சாதாரண கம்பியைத் தொட்டதும், துரு உப்பி, உள்ளிருந்தே கான்கிரீட்டை உடைக்கிறது. எவர்சில்வர் கம்பிக்கு அந்த அளவு உப்பு ஒரு பொருட்டில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மையும் அதற்குத் துணை நிற்கும்.

ஆனால், எவர்சில்வர் தோற்ற இடமும் உண்டு. சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரில், 1985 மே 9-ல் ஒரு நீச்சல்குளத்தின் கான்கிரீட் கூரை அப்படியே விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கியவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள். குளத்தின் குளோரின் கலந்த ஈரக்காற்று அவற்றின் மேல் படிந்துகொண்டே இருந்தது. அதைக் கழுவ மழை இல்லை, துடைக்க ஆளும் இல்லை. இழுவிசையும் குளோரைடும் சேர்ந்து, வெளியே பெரிய துரு தெரியாமலே, கம்பிக்குள் விரிசல் ஓடியிருந்தது.

மெக்சிகோவிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்தது ஒரே குடும்பத்து உலோகம். ஒரு இடத்தில் கான்கிரீட்டின் பாதுகாப்புக்குள் இருந்தது. இன்னொரு இடத்தில் பாரத்தைத் தூக்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கூரைக்கு மேலே தொங்கியது.

புதிய பாம்பனில் என்ன செய்திருக்கிறார்கள்?

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. நீளம் 2.08 கிலோமீட்டர், செலவு 550 கோடி ரூபாய்க்கு மேல். 99 சிறிய கண்கள், நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பாலம். அது செங்குத்தாக 17 மீட்டர் உயரம் எழும்பும். அரிப்பைச் சமாளிக்க மூன்று ஏற்பாடுகள் செய்திருப்பதாக அரசு சொல்கிறது: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலுவூட்டும் கம்பிகள், பாலிசிலோக்சேன் என்ற சிறப்பு பெயின்ட், முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள்.

இந்த மூன்றும் வேறு வேறு இடங்களில் வேறு வேறு வேலை செய்பவை.

கம்பி என்பது கான்கிரீட்டுக்குள் இருப்பது. அலை அடிக்கும் பகுதியில் இருக்கும் கான்கிரீட்டுக்கு இது நல்ல தேர்வு. மெக்சிகோ பாலம் அதற்குச் சாட்சி.

மேலே ரயிலைத் தாங்கும் கர்டர்கள் எவர்சில்வர் கிடையாது. அவை கட்டுமான ஸ்டீல். அவற்றைக் காப்பது பெயின்ட். பாலிசிலோக்சேன், வெயிலில் நிறம் மங்காமல், பொடிந்து உதிராமல் நீண்டகாலம் நிற்கும் ரகம். ஆனால், எந்த பெயின்ட்டும் முதலில் தோற்கும் இடங்கள் கூர்மையான விளிம்பு, வெல்டிங் தையல், போல்ட் தலை, கல் பட்ட கீறல். பூச்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்த இடங்களைத் தேடிப் பார்க்க ஆள் வேண்டும்.

பழைய பாலத்தில் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்திருந்தார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் உப்புநீர் போய் உட்கார்ந்துகொள்ளும். வெல்டிங்கில் அந்த இடுக்கு இல்லை. இது பெரிய லாபம். அதற்கு ஈடாக ஒரு புதிய கவலை வரும். வெல்டிங் சூட்டில் பக்கத்து ஸ்டீலின் தன்மை மாறும், உள்ளே இழுவிசை தங்கும். ரயில் போகும் ஒவ்வொரு முறையும் அதிர்வதால், விரிசல் பிறக்க வாய்ப்புள்ள இடம் வெல்டிங்கின் ஓரம்தான். அதை அல்ட்ராசவுண்டு போன்ற சோதனைகளால் குறித்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2024 நவம்பரில் பாலத்தை ஆய்வு செய்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில் ஓட்ட அனுமதி கொடுத்தார். கூடவே, அரிப்பைத் தடுக்கும் ஏற்பாடுகள் குறித்தும், திட்டமிடலில் இருந்த குறைகள் குறித்தும் தன் அறிக்கையில் கடுமையாகவே எழுதினார். ரயில்வே அமைச்சகம் ஐந்து பேர் குழு அமைத்தது. வடிவமைப்பைச் சென்னை ஐஐடியும் மும்பை ஐஐடியும் சரிபார்த்ததாக ரயில்வே தரப்பில் விளக்கம் தரப்பட்டது. பாலம் திறந்ததோடு இந்த விவாதம் செய்திகளிலிருந்து காணாமல் போய்விட்டது. ஆனால், அரிப்பு குறித்த கேள்விக்குத் திறப்பு விழா பதில் ஆகாது. பதில் வர வேண்டிய இடம் பராமரிப்புப் பதிவேடு.

முழுப் பாலத்தையும் எவர்சில்வரில் கட்டியிருக்கலாமே?

முதல் காரணம் காசு. நிக்கலும் மாலிப்டினமும் விலை உயர்ந்தவை. எவர்சில்வர் கம்பியின் விலையே சாதாரண கம்பியைவிடப் பல மடங்கு.

இரண்டாவது, விலை கொடுத்தாலும் எல்லா விஷயத்திலும் லாபம் கிடைக்காது. பாரத்தில் எவ்வளவு வளையும் என்ற கணக்கில் எவர்சில்வரும் சாதாரண ஸ்டீலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 304, 316 ரகங்கள் வெப்பத்தில் சாதாரண ஸ்டீலைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். நீண்ட பாலத்தில் இது தனித் தலைவலி.

மூன்றாவது, உலோகங்களைக் கலந்து போடுவதில் இருக்கும் ஆபத்து. ஈரமும் உப்பும் இருக்கும் இடத்தில் எவர்சில்வரும் சாதாரண ஸ்டீலும் தொட்டுக்கொண்டிருந்தால், அது ஒரு பேட்டரி போல வேலை செய்து சாதாரண ஸ்டீலை வேகமாக அரிக்கும். பெரிய எவர்சில்வர் தகட்டில் சின்ன சாதாரண போல்ட் போட்டால், மொத்த அரிப்பும் அந்த போல்ட் மேல் விழும். மாற்றிப் போட்டால், அதாவது பெரிய சாதாரண தகட்டில் சின்ன எவர்சில்வர் போல்ட் என்றால், பாதிப்பு பரந்து குறைந்துவிடும்.

அதனால் பொறியாளர்கள் ‘எது சிறந்தது’ என்று பார்ப்பதில்லை. எந்தப் பகுதியைப் பிறகு கையால் தொட முடியாது என்று பார்க்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் போன கம்பியை யாராலும் திரும்ப எடுத்து பெயின்ட் அடிக்க முடியாது. அங்கே செலவு செய்வது நியாயம். கர்டரைத் தொட முடியும், சுரண்ட முடியும், மாற்றவும் முடியும். அங்கே பெயின்ட் போதும். ஒரே நிபந்தனை, யாராவது போய்த் தொட வேண்டும்.

உடைந்த பிறகு காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

உடைந்த இரும்புத் துண்டு ஒரு சாட்சி. அதனால் முதல் விதி: இரண்டு முனைகளையும் பொருத்திப் பார்க்கக் கூடாது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவும் கூடாது. தடயம் அழிந்துவிடும்.

உடைந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கதை தெரியும். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரிசையாக வளைவுகள் இருந்தால், திரும்பத் திரும்ப அதிர்ந்து மெல்ல வளர்ந்த விரிசல். இதை உலோகச் சோர்வு என்பார்கள். கற்கண்டை உடைத்தது போல முகம் முகமாக மின்னினால், ஹைட்ரஜன் போன்ற ஒன்று படிகங்களின் ஓரத்தைப் பிரித்திருக்கலாம் என்று சந்தேகம் வரும். இழுபட்டு மெலிந்து, நுண்ணோக்கியில் குழிகுழியாகத் தெரிந்தால், தாங்க முடியாத பாரம். மரக்கிளை போலக் கிளைத்து ஓடும் விரிசல் எவர்சில்வரில் தெரிந்தால், குளோரைடைத் தேட வேண்டும்.

அதற்குப் பிறகு, கேட்ட ரகம்தான் வந்ததா என்று உலோகக் கலவையைச் சோதிப்பார்கள். கடினத்தன்மையை அளப்பார்கள். வெல்டிங் பதிவுகளையும் பராமரிப்புப் பதிவுகளையும் எடுத்துப் பார்ப்பார்கள். பல நேரங்களில் குற்றவாளி உலோகம் கிடையாது. நீர் தேங்க இடம் விட்ட வடிவமைப்பு, தவறான ரகத்தை அனுப்பிய சப்ளையர், அல்லது தள்ளிப்போட்ட ஒரு சோதனை.

உங்கள் வீட்டு பால்கனிக்கும் இதே கதைதான்

ஈசிஆர் பக்கமோ பெசன்ட் நகரிலோ ஃப்ளாட் வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பளபளவென்று போட்ட எஸ்எஸ் கைப்பிடியில் ஒரே ஆண்டில் பழுப்புப் புள்ளி. ‘எஸ்எஸ்னுதானே சொன்னாங்க?’

எஸ்எஸ் என்று விற்பதில் 202 ரகமும் உண்டு. விலை உயர்ந்த நிக்கலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மாங்கனீஸ் சேர்த்தது. வறண்ட ஊரில், வீட்டுக்குள் பிரச்சினை இல்லை. கடலோரத்தில் தாங்காது. அங்கே கேட்க வேண்டியது 316. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது பலருடைய வழக்கம். ஆனால், 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. காந்தத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். பெரிய வேலை என்றால், உலோகத்தின் கலவையைச் சொல்லும் கையடக்க எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. போட்ட பிறகு இரும்பு நார் கொண்டு தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும். அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மழை படாத இடத்தை மறக்காமல் கழுவுங்கள்.

பாம்பனில் இனி என்ன கேட்க வேண்டும்?

‘என்ன இரும்பு போட்டீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெரும்பாலும் நியாயமான பதில்தான். இனி கேட்க வேண்டியவை வேறு. கர்டர்களின் அடிப்பகுதியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்? வெல்டிங் சோதனை எப்போது நடந்தது, என்ன தெரிந்தது? பூச்சு தோற்ற இடங்களை எத்தனை நாட்களில் சரிசெய்தார்கள்? பாதுகாப்பு ஆணையர் குறிப்பிட்ட குறைகளில் எவை தீர்ந்தன? இந்த விவரங்களை ரயில்வே ஆண்டுதோறும் வெளியிட்டால், தீவு மக்களுக்கும் பயணிகளுக்கும் ஊகத்துக்கு வேலையே இருக்காது.

சாதாரண ஸ்டீலை வைத்துக்கொண்டு, கையில் பெயின்ட் டப்பாவோடு 108 ஆண்டுகள் ஓட்டிய இடம் அது. இப்போது இருப்பது அதைவிட நல்ல பொருள், நல்ல பூச்சு. அந்தப் பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்துவிடலாம் என்று யாராவது நினைத்தால்தான் ஆபத்து.